பாலிமர் களிமண்ணில் ஒளிரும் காளான் விளக்கு: கனம், சுடுதல், மின்னிணைப்பு பற்றிய ஐயங்கள்

மண்குருவி எழுதியது:

வணக்கம். பாலிமர் களிமண்ணில் (வீட்டு ஓவனில் சுட்டு இறுக்கும் பிளாஸ்டிக் களிமண்) சிறு உருவங்களும் காதணிகளும் செய்து பழகிய கைக்கு அடுத்து வரும் ஆசை, அவற்றுக்குள் ஒரு விளக்கை வைத்துப் பார்ப்பதுதான் போலும். ஏறத்தாழ 12 செ.மீ. உயரமுள்ள ஒரு காளானைத் திட்டமிட்டுக்கொண்டிருக்கிறேன். தண்டின் வழியாகக் கம்பி மேலே செல்லும். குடை முழுவதும் உள்ளிருந்து சீராக ஒளிர வேண்டும். குடையின் மேல் வெள்ளைப் புள்ளிகள் இருக்க வேண்டும். தொடங்குவதற்கு முன் சில ஐயங்களைத் தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.

குடையை எவ்வளவு கனத்தில் செய்தால் ஒளி வெளியே வரும்? சாதாரண வெள்ளை நிறக் களிமண் போதுமா, ஒளி கசியும் வகைதான் வேண்டுமா? எல்இடியைக் களிமண்ணுக்குள் பதித்து, எல்லாவற்றையும் ஒன்றாகவே சுட்டுவிடலாமா? அல்லது மின்சாரமே வேண்டாம் என்று, அடியில் ஒரு சிறிய மெழுகுவத்தியை வைத்துவிடுவது எளிதாக இருக்குமா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நுண்விரல் எழுதியது:

வணக்கம் மண்குருவி. உங்கள் கேள்விகளை வரிசை மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. வழக்கமான சிற்பத்தில் உருவத்தை முடித்த பிறகு நிறத்தையும் மெருகையும் பற்றி யோசிக்கலாம். உள்ளிருந்து ஒளிரும் பொருளில் அது நடக்காது. விளக்கு எங்கே இருக்கும், அதற்கும் சுவருக்கும் இடையே எவ்வளவு வெற்றிடம் இருக்கும், விளக்கு பழுதானால் எந்த வழியாக வெளியே எடுப்பது என்பவை முடிவான பிறகுதான் களிமண்ணில் கை வைக்க வேண்டும்.

இப்போது கனத்துக்கு வருகிறேன். சாதாரண வெள்ளைக் களிமண்ணில் ஒளியை மறைக்கும் நிறமி நிறைந்திருக்கும். மிக மெல்லியதாகத் தேய்த்தாலும் மங்கலாகத்தான் தெரியும், 2 மி.மீ. கனத்தில் அது வெறும் சுவர். ஆகவே ஒளி கசியும் வகை கட்டாயம் தேவை. செர்னிட், பிரீமோ, பார்டோ, ஃபிமோ என்ற பெயர்களில் விற்கும் நான்கு களிமண்களிலும் அந்த வகை உண்டு. அவற்றுள் செர்னிட்டும் பார்டோவும் கூடுதல் தெளிவாக இருப்பதாக எனக்குப் படுகிறது. பிரீமோ சற்று மஞ்சள் சாயும், ஆனால் மெல்லிய தகடாகும்போது நன்கு வளைந்துகொடுக்கும். குடையின் விளிம்பு கைபட்டு உடையும் இடம் என்பதால் அந்த வளைவும் ஒரு தகுதிதான்.

எந்த வகையை வாங்கினாலும் முதலில் ஒரு சோதனைத் துண்டு செய்யுங்கள். ஒரே களிமண்ணை அரை, ஒன்று, ஒன்றரை, இரண்டு, மூன்று மி.மீ. கனங்களில் படிக்கட்டுப்போல ஒரே பட்டையாக அடுக்கிச் சுட்டுக்கொள்ளுங்கள். பிறகு இருட்டறையில் நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே எல்இடியை அதன் பின்னால் நகர்த்திக்கொண்டே பாருங்கள். அரை மி.மீ. படியில் எல்இடியின் வடிவமே கண்ணுக்குத் தெரியும், ஒரு மி.மீ. படியில் வடிவம் கரைந்து ஓர் ஒளிவட்டம் மட்டும் எஞ்சும், இரண்டு மி.மீ. படியில் வட்டம் பரந்து மென்மையாகும், ஆனால் பிரகாசம் கண்கூடாகக் குறையும். மூன்றில் ஒரு மங்கிய மினுக்கம்தான். உங்கள் எல்இடிக்கும் உங்கள் களிமண்ணுக்கும் எந்தப் படி பொருந்துகிறது என்பதை அந்தப் பட்டையைத் தவிர வேறு எவராலும் சொல்ல முடியாது. நான் குடை போன்ற பகுதிகளுக்கு 1 முதல் 1.5 மி.மீ. வரை வைத்துக்கொள்வேன்.

வெள்ளைப் புள்ளிகளைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. ஒளி கசியும் சிவப்புக் குடையின் மேல் சாதாரண வெள்ளைக் களிமண்ணால் புள்ளி ஒட்டினால் பகலில் அழகான வெண்புள்ளியாக இருக்கும். விளக்கைப் போட்டவுடன் அதே புள்ளி கரும்புள்ளியாக மாறிவிடும். ஒளியை மறைக்கும் எதுவும் இரவில் கறுப்புத்தான். இரவிலும் புள்ளி வெளிச்சமாகவே இருக்க வேண்டுமென்றால், குடையில் வட்டமாகத் துளை வெட்டி, நிறம் கலக்காத ஒளி கசியும் களிமண்ணை அதே கனத்தில் அந்தத் துளைக்குள் பொருத்த வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பீங்கானில் செய்த லித்தோபேன் தகடுகள் முழுக்க முழுக்க இந்தக் கணக்கில்தான் இயங்கின. பிரான்சில் 1827இல் பால் டி பூர்கோயிங் காப்புரிமை பெற்ற அந்த முறையில் நிறமே கிடையாது. தகட்டின் கனம் குறையும் இடம் வெளிச்சம், கூடும் இடம் நிழல். வெளிச்சமில்லாத நேரத்தில் மேடுபள்ளமாகத் தெரியும் தகடு, பின்னால் விளக்கு வந்ததும் முழு ஓவியமாகிவிடும். குடையின் உட்புறத்தில் நரம்புகளைக் கோடாகக் கீறினாலோ மெல்லிய இழைகளாக ஒட்டினாலோ உங்களுக்கும் அதே விளைவு கிடைக்கும்.

இதே காரணத்தால் இணைப்புகளில் கவனம் தேவை. இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் அந்த இடத்தில் கனம் இரட்டிப்பாகி, இரவில் ஒரு கருங்கோடு ஓடும். விளிம்போடு விளிம்பு சேர்த்து விரலால் நீவி விடுங்கள், அல்லது அந்தக் கோட்டையே ஒரு நரம்பாகக் காட்டிவிடுங்கள்.

மின்தடை எழுதியது:

எல்இடியை உள்ளே பதித்துச் சுடுவது பற்றிய கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்: வேண்டாம்.

5 மி.மீ. வகை எல்இடியின் உறை எபாக்சி பிசின். அதன் தரவுத்தாளில் பொதுவாக 85 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரைதான் சேமிப்பு வெப்பநிலை வரம்பாகக் கொடுத்திருப்பார்கள். சால்டர் செய்யும்போது, அதாவது உருக்கிய உலோகப் பற்றால் கம்பியை இணைக்கும்போது, 260 டிகிரி தாங்குகிறதே என்று சிலர் கேட்கலாம். அது சில விநாடிகளுக்கு மட்டும், அதுவும் கால் கம்பியின் நுனியில். ஓவனில் 110 முதல் 130 டிகிரியில் அரை மணி நேரம் முழு உடலோடு உட்கார்ந்திருப்பது வேறு கதை. எரிகிற எல்இடியாகவே வெளியே வந்தாலும் உள்ளிருக்கும் நுண்கம்பி இணைப்பு தளர்ந்திருக்கலாம். சில வாரங்கள் கழித்து விட்டுவிட்டு மினுங்கத் தொடங்கும். அப்போது அதை மாற்ற வழியே இருக்காது. செம்புக் கம்பியில் கோத்து வரும் அலங்கார விளக்குச் சரங்களுக்கும் இது பொருந்தும். அவற்றில் ஒவ்வொரு எல்இடியும் ஒரு துளி பசையால்தான் மூடப்பட்டிருக்கிறது.

மின்கம்பியின் பிளாஸ்டிக் உறையும் சூட்டில் இளகும். பேட்டரியை எந்தக் காரணத்துக்காகவும் ஓவனுக்குள் கொண்டுபோகாதீர்கள், அது வெடிக்கக் கூடியது. களிமண்ணில் வழியை மட்டும் விட்டுச் சுடுங்கள். மின்சாரம் தொடர்பான எல்லாமே ஆறிய பிறகு உள்ளே போகட்டும். பாலிமர் களிமண் சுடும்போது ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை என்பதால் 5 மி.மீ. எல்இடிக்கு 5 மி.மீ.க்குச் சற்று கூடுதலான துளை போதும், அளவு மாறாது.

வெண்சுடர் எழுதியது:

மெழுகுவத்தியை இவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட வேண்டுமா என்று கேட்க விரும்புகிறேன். கண்ணாடிக் குவளையின் வெளிப்புறத்தில் பாலிமர் களிமண் தகடுகளைப் பதித்து, உள்ளே மெழுகுவத்தி வைக்கும் வேலைப்பாடு நெடுங்காலமாக இருந்துவருகிறது. அசையும் சுடருக்கு இருக்கும் உயிர் எல்இடிக்கு வராது. மினுங்குமாறு செய்த எல்இடி மெழுகுவத்திகளைப் பார்த்தாலே அது நடிப்பு என்று தெரிந்துவிடுகிறது. குவளை போதிய அகலமாக இருந்தால் என்ன கெடுதல்?

பழைய உலை எழுதியது:

வெண்சுடர் சொல்லும் குவளையும் மண்குருவி கேட்கும் காளானும் ஒன்றல்ல. இரண்டையும் பிரித்துப் பேசாவிட்டால் படிக்கிறவர்கள் குழம்பிவிடுவார்கள்.

பாலிமர் களிமண் என்பது பெயரளவில்தான் களிமண். அது பிவிசி துகள்களை நெகிழ்வூட்டி எண்ணெயில் குழைத்த பிளாஸ்டிக். சுடும்போது துகள்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து திடமாகின்றன. மண்பாண்டத்தைப்போல வேறொரு பொருளாக மாறிவிடுவதில்லை. ஆகவே சுட்ட பின்னும் சூடு ஏறினால் அது மீண்டும் இளகி வளையும். அளவு மீறிச் சூடேறினால் கருகத் தொடங்கி, மூக்கையும் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளிவிடும். 175 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள் என்று பழகியவர்கள் சொல்வது அதனால்தான். மெழுகுவத்திச் சுடருக்கு நேர் மேலே சில செ.மீ. உயரத்தில் எழும் காற்று அதைவிட மிகுந்த சூட்டில் இருக்கும். காளானின் குடை சரியாக அந்த இடத்தில்தான் கவிந்திருக்கிறது. முதலில் தொங்கும், பிறகு கருகும், கவனிக்காவிட்டால் தீப்பிடிக்கும்.

குவளையின் நிலை வேறு. மேற்புறம் திறந்திருக்கிறது, சூடான காற்று நேராக மேலே போய்விடுகிறது, களிமண்ணுக்கும் சுடருக்கும் நடுவில் கண்ணாடி இருக்கிறது. அகலமான குவளையில் சிறிய மெழுகுவத்தியை நடுவில் வைத்து, அருகில் ஆள் இருக்கும்போது மட்டும் ஏற்றினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் களிமண் கண்ணாடியின் வாய் விளிம்பைத் தாண்டி உட்புறம் மடியக் கூடாது. சுடரை எந்த இடத்திலும் நேரே பார்க்கும் களிமண் இருக்கக் கூடாது என்பதை விதியாக வைத்துக்கொள்ளலாம். இத்தனைக்கும் பிறகு, பிறருக்குப் பரிசாகக் கொடுக்கும் பொருளாக இருந்தால் நான் எல்இடியைத்தான் வைப்பேன். உங்கள் கட்டுப்பாடுகள் உங்களுக்குத் தெரியும், பெறுகிறவருக்குத் தெரியாது.

பழைய இழைவிளக்குகளையும் இதே பட்டியலில் சேர்த்துவிடுங்கள். 40 வாட் குண்டு விளக்கின் கண்ணாடிப் பரப்பே நூறு டிகிரியைத் தாண்டும்.

வெண்சுடர் எழுதியது:

சுடருக்கு மேல் கூரை இருக்கக் கூடாது என்பது சரி, ஒப்புக்கொள்கிறேன். திறந்த குவளையைப் பொறுத்தவரை என் விருப்பம் மாறவில்லை.

நுண்விரல் எழுதியது:

குவளை பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். கண்ணாடியின் மேல் களிமண் தானாக ஒட்டாது. சுட்ட பிறகு தகடாகப் பெயர்ந்து வந்துவிடும். கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைத்து, நீரில் கரையும் வெள்ளைப் பசையை மெல்லியதாகப் பூசி, அது முழுவதும் காய்ந்த பிறகு தகட்டைப் பதிக்க வேண்டும். குவளையைக் குளிர்ந்த ஓவனில் வைத்துவிட்டுச் சூட்டை ஏற்றுங்கள்; முடிந்ததும் கதவைச் சற்றே திறந்து, உள்ளேயே ஆறவிடுங்கள். சூடான கண்ணாடியை ஈரத்துணியின் மேல் வைத்தால் கீறல் விடும்.

காளான் குடைக்கும் கண்ணாடியோ எஃகுக் கிண்ணமோ அச்சாக உதவும். ஆனால் அங்கே ஒட்டக் கூடாது என்பதால் வெள்ளைப் பசைக்குப் பதிலாகச் சோளமாவை மெல்லியதாகத் தூவிக்கொள்ளுங்கள். கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் வட்டத் தகட்டை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நீவிப் படியச் செய்யுங்கள். தகட்டுக்கும் கிண்ணத்துக்கும் இடையே காற்று சிக்கினால் சுடும்போது அது கொப்புளமாக எழும். பகலில் கண்ணுக்குப் படாத கொப்புளம்கூட விளக்கின் முன் தனித்துத் தெரியும். வீங்கிய இடத்தை ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றி, துளையை நீவிவிடுங்கள். இன்னொன்று, ஒளி கசியும் களிமண் தூசியைக் காந்தம்போல இழுக்கும். கறுப்புச் சட்டையின் ஒரே ஒரு நூலிழை போதும், விளக்குப் போட்டதும் குடையின் நடுவில் மயிரிழையாகத் தெரியும். வெளிர்நிற உடை, ஈரத்துணியில் துடைத்த கை, முதலில் ஒளி கசியும் களிமண், கடைசியில் அடர்நிறங்கள் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

மண்குருவி எழுதியது:

மிக்க நன்றி. மெழுகுவத்தி எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். சோதனைப் பட்டை சுட்டுப் பார்த்தேன். நான் வாங்கிய களிமண்ணுக்கு 1.5 மி.மீ. படி பொருத்தமாக இருக்கிறது. ஆனால் இரண்டு சங்கதிகள் உறுத்துகின்றன. பட்டையின் ஓரங்கள் தேன் நிறத்துக்கு மாறியிருக்கின்றன. உள்ளே பிறைநிலா வடிவில் வெளிறிய சிறு சிறு புள்ளிகள் தென்படுகின்றன. ஓவனின் குமிழை 130 டிகிரியில்தான் வைத்திருந்தேன்.

பழைய உலை எழுதியது:

குமிழ் சொல்வதை நம்பாதீர்கள். சிறிய ஓவன்களில் வெப்பக் கம்பி எரிந்து அணைந்து எரிவதால் சூடு இருபது, முப்பது டிகிரி மேலும் கீழுமாக ஊசலாடுவது சாதாரணம். தனியாக ஓர் ஓவன் வெப்பமானியை வாங்கி, பொருள் வைக்கும் அதே உயரத்தில் வைத்துப் பாருங்கள். கனமான பீங்கான் ஓடு ஒன்றை அடியில் வைத்துவிட்டால் ஊசலாட்டம் கொஞ்சம் அடங்கும். பொருளின் மேல் அலுமினியத் தாளைக் கூடாரமாகக் கவித்து, ஓரங்களை மடித்துவிட்டால் வெப்பக் கம்பியின் நேரடிக் கதிர் படாது. ஓரம் தேன் நிறமானது பெரும்பாலும் அந்தக் கதிரால்தான். மைக்ரோவேவ் இந்த வேலைக்கு உதவாது.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வெப்பநிலை வேறு. ஃபிமோவுக்கு 110 டிகிரி, 30 நிமிடம், செர்னிட்டுக்கு 110 முதல் 130 வரை, பார்டோவுக்கு 120, பிரீமோவுக்கு 130, அதுவும் 6 மி.மீ. கனத்துக்கு 30 நிமிடம் என்ற கணக்கு. உறையில் அச்சிட்டிருப்பதே சட்டம். ஒளி கசியும் வகை மற்ற நிறங்களைவிட விரைவில் பழுப்பேறும் என்பதால், சூட்டைக் குறைத்துச் சுட்டுவிடலாம் என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள். குறைவாகச் சுட்ட களிமண் மங்கலாகவும் இருக்கும், மெல்லிய தகடாக இருந்தால் வளைத்தவுடன் முறியவும் செய்யும். சூட்டைத் துல்லியமாக வைத்துக்கொண்டு நேரத்தை முழுமையாகக் கொடுப்பதுதான் வழி. முழுமையாகச் சுட்ட 1 மி.மீ. தகடு ஆறிய பின் வளைத்தால் வளையும், விட்டால் நிமிரும்.

பிறைநிலாப் புள்ளிகளுக்கு ஈரமும் நுண்ணிய காற்றுக் குமிழும்தான் காரணம் என்பது பலரும் ஏற்றுக்கொண்ட விளக்கம். ஈரக்கையோடு பிசைவதையும், பாஸ்தா மெஷினில் (களிமண்ணைத் தகடாக்கும் உருளைக் கருவி) மடித்து விடும்போது மடிப்பு இல்லாத பக்கத்தை முதலில் கொடுப்பதையும் தவிருங்கள். மடிப்புப் பக்கம் முதலில் உள்ளே போனால் இடையில் இருக்கும் காற்று பின்னால் தள்ளப்பட்டு வெளியேறும். சில கைவினைஞர்கள் இந்தப் பிறைகளை வேண்டுமென்றே வரவழைத்து, பச்சைக்கல்லைப்போல ஒரு தோற்றம் தருவார்கள். உங்கள் குடைக்கு அது பொருந்துமா என்பது உங்கள் ரசனை.

வெண்சுடர் எழுதியது:

ஓவனிலிருந்து எடுத்த கையோடு பனிக்கட்டி மிதக்கும் நீரில் போட்டால் தெளிவு கூடும் என்று பலரும் செய்கிறார்களே, பழைய உலை ஏன் அதைச் சொல்லவில்லை?

பழைய உலை எழுதியது:

தெளிவு கொஞ்சம் கூடுவதை நானும் பார்த்திருக்கிறேன். மெல்லிய பொருட்களில் வித்தியாசம் சிறியது. கனமான மணிகளில் சற்றுக் கூடுதலாகத் தெரியும். ஆனால் கண்ணாடி அச்சோடு சேர்ந்த பொருளை ஒருபோதும் குளிர்நீரில் போடக் கூடாது, கண்ணாடி வெடிக்கும். எஃகுக் கிண்ணத்தின் மேல் சுட்ட குடையையும் நான் போடுவதில்லை. சூட்டில் இளகிய நிலையில் இருக்கும் தகடு நீரில் விழும் வேகத்திலேயே கோணலாகிவிடும். அதைவிட உறுதியான பலன் தருவது பரப்பை மெருகேற்றுவதுதான். சொரசொரப்பான பரப்பு ஒளியைச் சிதறடித்து மங்கலாகக் காட்டும். 400, 600, 800, 1000 என்று உப்புத்தாளைப் படிப்படியாக ஏற்றி, தண்ணீருக்குள் வைத்தே தேயுங்கள். நீரில் தேய்த்தால் தூள் மூச்சில் போகாது. மேல்பூச்சு தேவையென்றால் நீர் கலந்த பாலியூரித்தேன் வார்னிஷ் பூசுங்கள். ஸ்பிரே டப்பாக்களும் நகப்பூச்சும் வேண்டாம். அவற்றின் கரைப்பான் பிவிசியைத் தாக்குவதால் மாதக்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும்.

மின்தடை எழுதியது:

இப்போது மின்னிணைப்பு. மூன்று வெள்ளை எல்இடிகள், 5 வோல்ட் யுஎஸ்பி அடாப்டர் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை எல்இடிக்குச் சுமார் 3.1 வோல்ட் தேவை, மீதம் 1.9 வோல்ட்டை ரெசிஸ்டர் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு உறுப்பு) ஏற்க வேண்டும். 150 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 1.9ஐ 150ஆல் வகுக்க ஏறத்தாழ 12.7 மில்லி ஆம்பியர் கிடைக்கும். 20 மில்லி ஆம்பியர் தாங்கும் எல்இடிக்கு அது நிம்மதியான அளவு. ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர் வேண்டும். மூன்றையும் இணையாகச் சேர்த்து ஒரே ரெசிஸ்டரைப் போட்டால், மின்னழுத்தத் தேவை சற்றுக் குறைவாக இருக்கும் எல்இடி மின்னோட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். மொத்தம் 38 மில்லி ஆம்பியர், அதாவது 0.2 வாட்டுக்கும் குறைவு. இந்த வெப்பம் களிமண்ணை ஒன்றும் செய்யாது. இதை நம்பி 1 வாட், 3 வாட் எல்இடிகளுக்குத் தாவிவிடாதீர்கள். அவற்றுக்கு உலோக வெப்பந்தணிப்பான் தேவை, காற்றோட்டமில்லாத குடைக்குள் அது வேலை செய்யாது. வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் களிமண்ணுக்குள் கொண்டுவருவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பவர் பேங்க்கில் இணைக்க எண்ணினால் ஒரு சிக்கல் உண்டு. பல பவர் பேங்க்குகள் இவ்வளவு சிறிய மின்னோட்டத்தைக் கண்டால் ஒன்றுமே இணைக்கப்படவில்லை என்று எடுத்துக்கொண்டு சற்று நேரத்தில் அணைந்துவிடும். அடாப்டரோ, மூன்று ஏஏ பேட்டரிகள் உள்ள பெட்டியோ போதும். பெட்டியானால் 4.5 வோல்ட் என்பதால் 100 ஓம் ரெசிஸ்டர் சரியாக இருக்கும்.

சிஆர்2032 போன்ற காசு வடிவ பேட்டரியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அதன் கொள்ளளவு 220 மில்லி ஆம்பியர் மணி அளவுதான். ஒரே எல்இடிக்குக்கூட நீண்ட நாள் வராது. அதைவிட முக்கியம், குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். காளான் விளக்கு குழந்தைகளின் கண்ணை இழுக்கும் பொருள். அந்த பேட்டரியைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் திருகாணி போட்டு மூடும் பெட்டியைத் தவிர வேறெதையும் ஏற்காதீர்கள்.

சீரான ஒளி பற்றி: தெளிவான குவிந்த தலையுள்ள 5 மி.மீ. எல்இடி, ஒளியை 15 முதல் 30 டிகிரி வரையிலான குறுகிய கூம்பாகத்தான் வீசும். அதை மேல்நோக்கி வைத்தால் குடையின் உச்சியில் பளீரென்று ஒரு வட்டம், ஓரமெல்லாம் இருட்டு. தட்டைத் தலையுள்ள, 120 டிகிரி பரப்பும் வகையைக் கேட்டு வாங்குங்கள். கையில் இருப்பது குவிந்த தலை வகைதான் என்றால் அதன் தலையை நுண்ணிய உப்புத்தாளில் தேய்த்துப் பாலேறச் செய்யலாம். அல்லது மூன்றையும் கீழ்நோக்கித் திருப்பி, தண்டின் மேற்புறத்தில் வெள்ளைத் தட்டு ஒன்றை வைத்து, அதில் பட்டுத் திரும்பும் ஒளியால் குடையை நிரப்பலாம். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வழி. எல்இடி எங்கிருக்கிறது என்றே கண்டுபிடிக்க முடியாது. பல எல்இடிகளை வரிசையாக வைப்பவர்கள், இரண்டு எல்இடிகளுக்கு இடையே உள்ள தூரமாவது சுவருக்கும் எல்இடிக்கும் இடையே இருக்குமாறு பார்த்துக்கொண்டால் புள்ளி புள்ளியாகத் தெரியாது.

ஒளியின் நிறமும் முக்கியம். 2700 கெல்வின் அளவிலான இதமான வெள்ளை, ஒளி கசியும் களிமண்ணின் இயல்பான மஞ்சளோடு கலந்துவிடும். 6000 கெல்வின் நீலச்சாயல் வெள்ளை, அதே மஞ்சளை அழுக்காகக் காட்டும். உங்கள் பட்டையின் தேன் நிற ஓரம் இதமான வெள்ளையில் அவ்வளவாக உறுத்தாது.

கடைசியாக, சுடாத களிமண்ணை பேட்டரிப் பெட்டியின் மேல் வைக்காதீர்கள். அதிலிருக்கும் நெகிழ்வூட்டி சில வகைப் பிளாஸ்டிக்குகளை இளக்கிப் பிசினாக்கிவிடும்.

வெண்சுடர் எழுதியது:

நிறம் சேர்ப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆல்கஹால் மையைச் சொட்டு சொட்டாகக் கலந்தால் ஒளி கசியும் தன்மை குறையாமல் கண்ணாடிபோல நிறம் ஏறும். கலந்தவுடன் சுட்டால் ஆல்கஹால் ஆவியாகிக் குமிழ் வரும். தகட்டின் மேல் பரப்பி நன்கு உலரவிட்ட பிறகே பிசைய வேண்டும். இந்த மைகள் பெரும்பாலும் சாயங்கள் என்பதால் வெயில் படும் சன்னலோரத்தில் வைத்தால் வெளுத்துவிடும். அங்கேதான் வைக்கப்போகிறீர்கள் என்றால், மைக்குப் பதிலாக நிறக் களிமண்ணைக் கடுகளவு கிள்ளி ஒளி கசியும் களிமண்ணில் சேருங்கள். கடுகளவு என்றால் கடுகளவுதான். பட்டாணி அளவு சேர்த்தால் குடை சுவராகிவிடும். சுட்ட பிறகு நிறம் இன்னும் அடர்ந்து தெரியும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மண்குருவி எழுதியது:

இருளில் தானே ஒளிரும் பொடியைக் கலந்தால், விளக்கை அணைத்த பிறகும் குடை கொஞ்ச நேரம் ஒளிருமா?

மின்தடை எழுதியது:

ஒளிரும். பழைய துத்தநாக சல்பைடு பொடி சில நிமிடங்களில் மங்கிவிடும். ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் பொடி மணிக்கணக்கில் மெல்லிய பச்சையாக நிற்கும். நிறம் கலக்காத ஒளி கசியும் களிமண்ணில் மட்டும் சேருங்கள். வேறு நிறமி இருந்தால் பொடிக்கு ஒளி போய்ச் சேராது. ஆனால் பொடி அதிகமானால் அதுவே ஒளியை மறைக்கும். குடை முழுவதற்கும் வேண்டாம், புள்ளிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதமான வெள்ளையைவிட நீலம் மிகுந்த ஒளியைத்தான் அந்தப் பொடி நன்றாக உள்வாங்கும் என்பதால், பகல் வெளிச்சத்தில் வைத்திருந்த அன்று கூடுதலாக ஒளிரும்.

மண்குருவி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வரைபடத்தை மாற்றிவிட்டேன். தண்டின் நடுவில் அலுமினியக் குழாய், கம்பி அதன் வழியாக. தண்டின் உச்சியில் வெள்ளைத் தட்டு, அதற்குச் சற்று மேலே கீழ்நோக்கிய மூன்று எல்இடிகள். புள்ளிகளை வெட்டிப் பொருத்துகிறேன். ஒரே ஐயம்தான் மீதம்: குடையைத் தண்டோடு பசை போட்டு ஒட்டிவிடலாமா, கழற்றும்படி வைப்பதா? சிறிய காந்தங்களைப் பதித்தால் கழற்றி மாட்ட வசதியாக இருக்கும் என்று தோன்றுகிறது.

நுண்விரல் எழுதியது:

கழற்றும்படிதான் வைக்க வேண்டும். எல்இடி ஒருநாள் பழுதாகும். அன்று குடையை உடைக்க நேரக் கூடாது. காந்தம் நல்ல யோசனை. ஆனால் அதையும் களிமண்ணோடு சுடாதீர்கள். சாதாரண நியோடிமியம் காந்தங்களின் வரம்பு 80 டிகிரிதான். 130 டிகிரியில் அரை மணி நேரம் இருந்தால் அதன் இழுவையில் பெரும்பகுதி நிரந்தரமாகப் போய்விடும். காந்தத்தைக் களிமண்ணில் அழுத்திக் குழி பதித்து, எடுத்துவிட்டுச் சுட்டு, ஆறிய பிறகு அந்தக் குழியில் எபாக்சி பசையால் ஒட்டுங்கள். மூன்று இணைகள் போதும், ஒரே வட்டத்தில் 120 டிகிரி இடைவெளியில். ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு இணையையும் ஒன்றோடொன்று ஒட்டவிட்டு, வெளிப்புறமாக இருக்கும் முகங்களில் பேனாவால் குறியிட்டுக்கொள்ளுங்கள். குறியிட்ட முகம் குழிக்குள் போக வேண்டும். மூன்றில் ஒன்று தலைகீழாகப் போனாலும் குடை ஒருபக்கமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும், எபாக்சி இறுகிய பிறகு அதைப் பெயர்ப்பது பெரிய வேலை.

குழியைக் குடையின் மெல்லிய பகுதியில் வைக்காமல், உட்புறத்தில் 4 மி.மீ. கனத்துக்கு ஒரு வளையம் கட்டி அதில் வையுங்கள். அந்த வளையம் இரவில் நிழலாகத் தெரியும் என்பதால் தண்டின் அகலத்துக்குள் அடங்கிவிடுமாறு பார்த்துக்கொண்டால், கீழிருந்து குனிந்து பார்ப்பவருக்கு மட்டுமே அது கண்ணில் படும்.